பதினான்காம் வாரம்

டெல்ஃபின் கொரைராவுக்குத் தலை எண்ணத் தெரியும். அந்த அமெரிக்க மாநிலத்துச் செனட்டில் முப்பத்தைந்து தலைகள். எது எந்தப் பக்கம் ஆடும், எது அடித்தாலும் ஆடாது, எது காலையில் ஒரு மாதிரியும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வேறு மாதிரியும் ஆடும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. முப்பது வருடத்துக்கு முன்னால் தூத்துக்குடியிலிருந்து குறைமாதக் குழந்தைகள் வார்டுக்கு நர்ஸாக வந்தவள், இன்றைக்குக் கருக்கலைப்பை எதிர்க்கும் பேரவையின் மாநிலத் தலைவி. பேரவையில் மேடையேறி அழத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். எண்ணத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

2053 மே மாதம், கூட்டத்தொடரின் கடைசி நாள். அன்றைய எண்ணிக்கை பதினெட்டுக்குப் பதினேழு. மசோதா ஒரு ஓட்டில் ஜெயிக்கும். ஒரு ஓட்டு போதுமா என்று கேட்பவர்களுக்கு டெல்ஃபின் ஒரே பதில்தான் வைத்திருந்தாள். கரை சேர்ந்த படகை யாரும் எத்தனை அடி தள்ளி நின்றது என்று கேட்பதில்லை.

காலை ஒன்பது மணிக்கு அவள் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் இருந்தாள். பேழைகள் அங்கேதான் வரிசையாக இருந்தன. எட்டுப் பேழைகள், எல்லாம் காலி; சட்டம் வராமல் அந்த மாநிலத்தில் அவற்றைப் பயன்படுத்த அனுமதி இல்லை. வெளியே எவர்சில்வர், உள்ளே கண்ணாடி போன்ற ஒரு பை, பைக்குள் இளஞ்சூடான நீர். செய்தித்தாள்கள் அதைச் செயற்கைக் கருப்பை என்று பயபக்தியோடு எழுதின. டெல்ஃபினுக்கு முதன்முதலில் பார்த்தபோது இட்லிக் கொப்பரை ஞாபகம்தான் வந்தது. அதை அவள் எந்தப் பேட்டியிலும் சொன்னதில்லை.

பேழைக்குப் பக்கத்தில் டெஸா நின்றுகொண்டிருந்தாள். இருபது வயது, கல்லூரி இரண்டாம் வருடம், பதினேழு வாரக் கர்ப்பம். பிள்ளையைப் பெற்று வளர்க்க அவளால் முடியாது. அதை அவள் யாரிடமும் மன்னிப்புக் கேட்கிற குரலில் சொல்லவில்லை. அது டெல்ஃபினுக்குப் பிடித்திருந்தது.

"எப்படி எடுப்பாங்க?" என்றாள் டெஸா.

"சின்ன ஆபரேஷன். நாற்பது நிமிஷம். குழந்தையை நஞ்சுக்கொடியோடு சேர்த்து இதுக்குள்ள மாத்திடுவாங்க. மிச்ச அஞ்சு மாசமும் இது சுமக்கும். நீ மறுநாள் வீட்டுக்குப் போகலாம்."

"ஏன் பதினாலு வாரம்? அதுக்கு முன்னாடி ஏன் முடியாது?"

"அதுக்கு முன்னாடி நஞ்சுக்கொடி தாங்காது. எடுத்தா கிழிஞ்சுபோகும். பதினாலுக்கு மேல பத்துல ஒன்பது தங்குது."

டெஸா பேழையின் மூடியைத் தொட்டுப் பார்த்தாள். "வெள்ளிக்கிழமை எனக்கு கிளினிக்ல அப்பாயின்ட்மென்ட் இருக்கு. இன்னைக்கு உங்க சட்டம் வந்தா இங்க வரேன். வரலைன்னா அங்க போறேன். அதுக்கு மேல என்னால தள்ளிப்போட முடியாது."

"வரும்" என்றாள் டெல்ஃபின்.

"ஒண்ணு சொல்லட்டுமா? எனக்கு இது வேணும். ஆனா எனக்கு வேணும்கிறதால, பதினாலு வாரத்துக்கு மேல எல்லாருக்கும் இதுதான்னு எழுதிட்டீங்க. அது எனக்குப் பிடிக்கல."

"சட்டம்னா எல்லாருக்கும்தானம்மா."

"உங்களுக்கு அந்த ஆபரேஷன் நடக்கப் போறதில்லையே" என்றாள் டெஸா. சண்டைக்காகச் சொல்லவில்லை, தோன்றியதைச் சொன்னாள். டெல்ஃபின் அவள் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுக் கிளம்பினாள். நல்ல பெண், கொஞ்சம் வாய்த்துடுக்கு என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த மசோதாவை எழுத அவளுக்கு இரண்டு வருடம் ஆகியிருந்தது. பதினான்கு வாரத்துக்கு மேல் கர்ப்பம் வேண்டாம் என்கிறவர்களுக்குக் கலைப்பு கிடையாது, பேழைதான். அதற்குப் பதிலாக ஒன்பதாவது பிரிவு. பதினான்கு வாரத்துக்குள் ஒரு பெண் என்ன முடிவெடுத்தாலும் முப்பது வருடத்துக்கு அரசு அதில் தலையிடாது. இந்த ஒன்பதாவது பிரிவுக்காகத்தான் எதிர்த்தரப்பிலிருந்து ஆறு பேர் இந்தப் பக்கம் வந்தார்கள். அந்த மாநிலத்தில் ஒரு வருடத்தில் நடக்கும் கலைப்புகளில் பதினான்கு வாரத்துக்கு முன்னால் ஒன்பதாயிரம், பின்னால் அறுநூறு. டெல்ஃபின் அறுநூறைக் கையில் பிடித்துக்கொண்டு ஒன்பதாயிரத்தை விட்டுக்கொடுத்திருந்தாள். பாதிப் பேரவை அவளைத் தீர்க்கதரிசி என்றது. மீதிப் பாதி அவளை யூதாஸ் என்றது. அந்த மீதிப் பாதிக்குத் தலைவன் அவள் உடன்பிறந்த தம்பி ரெமிஜியுஸ்.

ரெமியை அமெரிக்காவுக்கு அழைத்து வந்ததே அவள்தான். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து செனட்டரானவன்; ஒன்பதாவது பிரிவுக்காகவே மசோதாவை எதிர்த்து ஓட்டுப் போடப்போகிறவன். கணக்கு வாத்தியார் எண்ணமாட்டேன் என்று அடம் பிடிக்கிறான், நர்ஸம்மா எண்ணிக்கொண்டே திரிகிறாள் என்று ஊரில் கேலி உண்டு. அக்காவும் தம்பியும் தனியாக இருந்தால் தூத்துக்குடித் தமிழ்தான். வழக்கறிஞர்களுக்கும் உளவு பார்ப்பவர்களுக்கும் அதில் ஒரு வரி புரியாது. அதனால் அவர்கள் சட்டசபை உணவகத்தின் நடுவில் உட்கார்ந்தே சண்டை போட்டுக்கொள்வார்கள்.

அன்று பதினொன்றரைக்கு ரெமி அங்கே அவளுக்காகக் காத்திருந்தான். முன்னால் சூப் ஆறிக்கொண்டிருந்தது. முகம் வெளிறியிருந்தது.

"கஸ் ஆஸ்பத்திரில இருக்காருக்கா" என்றான்.

கஸ் லிண்ட்குவிஸ்ட் எழுபத்தொன்பது வயதுச் செனட்டர், அவளுடைய பதினெட்டில் ஒருவர். ரெமியின் பக்கத்து வீட்டுக்காரர். கொள்கையில் ரெமிக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். ஆனாலும் ஆறு வருடமாக இருவரும் ஒரே காரில்தான் சட்டசபைக்கு வந்துகொண்டிருந்தார்கள்.

"எப்பல?"

"காலைல. வண்டியிலயே நெஞ்சப் புடிச்சிட்டாரு. நான்தான் கொண்டுபோய்ச் சேத்தேன். அவரு வீட்டம்மா இன்கிரிட்டு கூட இருக்காவ. இன்னைக்கு அவரால வரமுடியாது."

அப்படியென்றால் பதினேழுக்குப் பதினேழு. சமமாக நின்றால் மசோதா தோற்றுப்போகும். அடுத்த கூட்டத்தொடர் ஜனவரியில். டெல்ஃபின் ஒரு நொடியில் இதையெல்லாம் கணக்குப் போட்டுவிட்டாள். அந்த நொடியில் கஸ் பிழைப்பாரா என்று கேட்கத் தோன்றவில்லை. அதற்காக அப்புறம் வெட்கப்பட்டாள், ஆனால் தோன்றவில்லை.

"இன்னொண்ணும் இருக்குக்கா. ஸ்ட்ரெச்சர்ல ஏத்தும்போது என் கையப் புடிச்சி, 'ரெமி, எனக்கு ஜோடியா இருப்பியா'ன்னு கேட்டாரு. இருப்பேன்னுட்டேன்."

அந்தச் சபையில் நூறு வருடப் பழக்கம் ஒன்று உண்டு. உடம்புக்கு முடியாமல் வரமுடியாத உறுப்பினர், தனக்கு எதிராக ஓட்டுப் போடப்போகிற ஒருவரை ஜோடியாக இருக்கச் சொல்லலாம். சம்மதித்தவர் அன்றைக்கு ஓட்டுப் போடமாட்டார். நோயாளி வராததால் யாருக்கும் லாபமில்லை, நஷ்டமுமில்லை. விதிப்புத்தகத்தில் இல்லாத பழக்கம், ஆனால் ஜோடிக்கு ஒத்துக்கொண்டு யாரும் மீறியதில்லை. ரெமி உட்கார்ந்துவிட்டால் பதினேழுக்குப் பதினாறு. மசோதா பிழைத்துக்கொள்ளும்.

"எந்த மசோதாவுக்குன்னு யோசிக்கலையாக்கும்?" என்றாள் டெல்ஃபின். அவள் குரலில் சந்தோஷம் எட்டிப் பார்த்தது.

"நெஞ்சப் புடிச்சிக்கிட்டுக் கிடக்கவர்ட்ட எந்த மசோதான்னா கேப்பாவ? இருப்பேன்னேன். அதுக்கப்புறம் வண்டியில வரும்போதுதான் உறைச்சுது." ரெமி கரண்டியைச் சூப்பில் சுற்றினான். "நான் உக்காந்தா ஒம்பதாவது பிரிவு பாஸ் ஆவும். நான் நிறைவேத்துனமாதிரிதான்."

"வாக்குன்னா வாக்குல. சாவக்கிடக்கவருக்குக் குடுத்தது. அத மீறுவியா நீ?"

"ஒம்பதாயிரம் பிள்ளைகக்கா. முப்பது வருசத்துக்கு நீ எழுதிக் குடுக்க. அதுக்கு முன்னால என் ஒரு வாக்கு பெருசா? ரெண்டையும் தராசுல வச்சுப் பாரு..."

அவன் பாதியில் நிறுத்தினான். டெல்ஃபின் சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தராசு எடுத்துட்டியே தம்பி! இருவது வருசமா என்னைய எண்ணாதே எண்ணாதேன்னு ஏசுன பய."

"நீயும்தான் வாக்கு கீக்குன்னு பேசுத" என்றான் ரெமி. அவன் காது சிவந்தது. பிறகு அவனும் சிரித்தான். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் தூத்துக்குடி வீட்டில் மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

சிரிப்பு அடங்கியதும் டெல்ஃபின் குனிந்து பேசினாள். "ஏல, வீடு தீப்பிடிச்சு எரியுது. உள்ள பத்துப் பேரு. ஒருத்தரத்தான் தூக்க முடியும். மிச்ச ஒம்பது பேரையும் தூக்க முடியலயேன்னு அந்த ஒருத்தரயும் விட்டுட்டு வெளிய நின்னு ஜெபம் பண்ணுவியா?"

"தூக்கு. யாரு வேண்டாம்னா? ஆனா மிச்ச ஒம்பது பேர எரிக்கலாம்னு கையெழுத்து போட்டுக் குடுத்துட்டுத் தூக்காதே."

அதற்கு டெல்ஃபினிடம் பதில் இருந்தது. எப்போதும் இருக்கும். ஆனால் அன்று அதைச் சொல்லவில்லை. பேச்சில் ஜெயித்து ஓட்டைக் கெடுத்துக்கொள்கிற ரகம் அல்ல அவள்.

"என்ன செய்யப்போற?"

"தெரியலக்கா. யோசிக்கேன்" என்று எழுந்தான். சூப்பை அவன் தொடவேயில்லை.

ஒன்றரை மணிவரை அவளுக்கு மூச்சுவிட நேரமில்லை. மசோதாவைக் கொண்டுவந்த செனட்டர் ஹாரியட் பாய்டைத் தைரியப்படுத்தினாள். ஆடிக்கொண்டிருந்த இரண்டு தலைகளை நிறுத்தினாள். சபைக்குள் எதிர்த்தரப்பின் லியோனா பிரைஸ் பேசுவது நடைக்கூடத்து ஒலிபெருக்கியில் கேட்டது. "பதினாலாவது வாரம் பிறந்ததும் என் உடம்பு யாருடையது ஆகுதுன்னு இந்த மசோதா எங்கயும் சொல்லல. முன்ன உங்களுக்கு ஒரு கதவை அடைக்கத்தான் தெரியும். இப்ப அடைச்சிட்டு, இன்னொரு கதவு வழியாத்தான் போகணும்னு பிடிச்சுத் தள்ளவும் கத்துக்கிட்டீங்க." நன்றாகப் பேசுகிறாள் என்று டெல்ஃபின் ஒத்துக்கொண்டாள். நல்ல பேச்சால் ஓட்டு மாறிய நாளை அவள் பார்த்ததில்லை என்பதால் கவலைப்படவில்லை.

ஒன்று நாற்பதுக்குத் தொலைபேசி அடித்தது. இன்கிரிட் லிண்ட்குவிஸ்ட்.

"டெல்ஃபின், கஸ் போயிட்டார்." கிழவியின் குரல் தூரத்தில் கேட்டது. "ஒண்ணு இருபதுக்கு. தூங்குற மாதிரிதான் போனார். அங்க எல்லாருக்கும் சொல்லிடும்மா. அவருக்கு அந்தச் சபைதான் எல்லாம்."

"சொல்றேன் இன்கிரிட். நான் பார்த்துக்கறேன்" என்றாள் டெல்ஃபின். கண் கலங்கியது. கஸ் நல்ல மனுஷர். அவளுக்கு இந்த ஊர் அரசியலின் அரிச்சுவடியைச் சொல்லிக்கொடுத்தவர்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு சபைக் கதவை நோக்கி நான்கு அடி வைத்தாள். ஐந்தாவது அடியில் நின்றாள்.

சாவு ஜோடியை முறித்துவிடும். அதுவும் அந்தச் சபையின் பழக்கம்தான். செய்தி உள்ளே போனால் முதலில் எல்லாரும் எழுந்து ஒரு நிமிடம் மௌனமாக நிற்பார்கள். நின்று உட்கார்ந்ததும் ரெமி விடுதலையான மனிதன். எதிர்த்து ஓட்டுப் போடுவான். பதினேழுக்குப் பதினேழு. மசோதா சாகும். ஜனவரிவரை எட்டுப் பேழைகளும் காலியாகக் கிடக்கும். வெள்ளிக்கிழமை டெஸா கிளினிக்குக்குப் போவாள். இதெல்லாம் நடக்கும் என்பது அவளுக்குச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிந்தது.

ஓட்டெடுப்புக்கு அரை மணி நேரம் இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். அரை மணி நேரத்துக்கு மறைக்கலாம், எல்லாரும் சாப்பிட்டு எழுந்துவிடுவார்கள்.

ஹாரியட் பாய்டு நடைக்கூடத்தில் எதிரே வந்தாள். "கஸ் எப்படி இருக்கார்? ஏதாவது தெரிஞ்சுதா?"

"அப்படியேதான் இருக்காராம்" என்றாள் டெல்ஃபின்.

சொல்லிவிட்டாள். வார்த்தை சுலபமாகத்தான் வந்தது. அவள் வார்டில் இருபது வருடம் வேலை பார்த்தவள். கெட்ட செய்தியை முகத்தில் காட்டாமல் வேலை பார்க்கத் தெரியும்.

இரண்டு பத்துக்கு ஓட்டெடுப்பு. டெல்ஃபின் பார்வையாளர் மாடத்தில் முன்வரிசையில் நின்றாள். ரெமியின் நாற்காலி காலியாக இருந்தது. குமாஸ்தா பெயர் பெயராகக் கூப்பிட்டார். 'கொரைரா' என்று கூப்பிட்டபோது அவள் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தாள்.

"கொரைரா, லிண்ட்குவிஸ்டுடன் ஜோடி. பன்னிரண்டே முக்காலுக்கு எழுத்தில் கொடுத்திருக்கிறார்" என்று படித்தார் குமாஸ்தா.

பதினேழுக்குப் பதினாறு. மசோதா நிறைவேறியது. கீழே பாதிச் சபை எழுந்து கைதட்டியது. மாடத்தில் யாரோ அவளைக் கட்டிக்கொண்டார்கள். பேழைகள் வந்த ஏழு வருடத்தில் எந்த மாநிலத்திலும் நடக்காதது நடந்திருந்தது. அவளுக்கு உண்மையாகவே ஆனந்தமாக இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும். டெஸாவுக்கு ஒரு வரி செய்தி அனுப்பினாள். ரெமி எங்கேயாவது ஜெபக்கூடத்தில் முழங்காலில் இருப்பான், பாவம் என்று நினைத்தாள். பேட்டிகள் முடிய மூன்றரை ஆகிவிட்டது. அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். அங்கே போய்த்தான் விஷயம் தெரிந்தது போல, உடனே சபைக்குச் சொல்லி அனுப்பிவிடலாம். கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான்.

நான்கு மணிக்கு ஆஸ்பத்திரி மூன்றாம் மாடியில் அந்த அறைக் கதவைத் திறந்தாள். கஸ் முகம்வரை வெள்ளைப் போர்வையோடு படுத்திருந்தார். பக்கத்து நாற்காலியில் இன்கிரிட். அவள் கையைப் பிடித்துக்கொண்டு தரையில் முட்டிபோட்ட மாதிரி உட்கார்ந்திருந்தவன் ரெமி.

டெல்ஃபினுக்கு வாசலிலேயே கால் நின்றுவிட்டது.

"வாம்மா" என்றாள் இன்கிரிட். "உன் தம்பி இல்லைன்னா நான் என்ன ஆகியிருப்பேனோ. ஒரு மணியிலிருந்து இங்கேயேதான் இருக்கான். கஸ் போகும்போது அவர் இன்னொரு கையைப் பிடிச்சிருந்தது இவன்தான்."

டெல்ஃபின் தம்பியைப் பார்த்தாள். அவன் தலை நிமிரவில்லை. ஒன்று இருபதுக்கே அவனுக்குத் தெரியும். கார் கீழே நிற்கிறது. சட்டசபைக்குப் பதினைந்து நிமிடம். இரண்டு பத்துக்குள் அவன் இரண்டு முறை போய்ச் சேர்ந்திருக்கலாம். அவன் போகவில்லை.

"எனக்கு யார்கிட்ட சொல்றதுன்னே தெரியல" என்று இன்கிரிட் தொடர்ந்தாள். "இவன்தான் சொன்னான், 'எங்க அக்காவைக் கூப்பிடுங்க, அவ எல்லாருக்கும் சொல்லிடுவா'ன்னு." அவள் போர்வையின் ஓரத்தை நீவிவிட்டாள். "நாற்பத்தோரு வருஷம் அங்க இருந்தார். ஒவ்வொரு தடவையும் யாராவது செத்து எல்லாரும் எழுந்து நிக்கும்போது வீட்டுக்கு வந்து சொல்லுவார், யார் யார் நிஜமா நின்னாங்க, யார் கடிகாரத்தைப் பார்த்தாங்கன்னு. எல்லாரும் நின்னாங்களா டெல்ஃபின்? பிரைஸ்கூட நின்னாளா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். ஒரு வார்த்தை. கிழவி நிம்மதியாக அழுவாள். நாளைக் காலை செய்தித்தாளில் நேரத்தை யார் ஒப்பிட்டுப் பார்க்கப் போகிறார்கள். சபை விதிப்படி, ஜெயித்த பக்கத்து உறுப்பினர் ஒருவர் எழுந்து கேட்டால் அன்று மாலை ஆறு மணிவரை மறு ஓட்டெடுப்பு நடத்தலாம். ஆறு மணி தாண்டிவிட்டால் யாராலும் எதையும் அசைக்க முடியாது. இரண்டு மணி நேரம். வாயை மூடிக்கொண்டிருந்தால் வருடத்துக்கு அறுநூறு உயிர்.

அவள் அந்தக் கணக்கை ஒரு முறை போட்டுப் பார்த்தாள். விடை சரியாகத்தான் வந்தது. ஆனால் இன்கிரிட் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், நின்றவர்களின் பெயர்களைக் கேட்பதற்காக.

"இல்லை இன்கிரிட். யாரும் நிற்கல. நான் அவங்ககிட்ட சொல்லல."

"சொல்லலையா?"

"ஓட்டெடுப்பு முடியட்டும்னு மறைச்சேன். கஸ் எப்படி இருக்கார்னு கேட்டவங்ககிட்ட, அப்படியேதான் இருக்கார்னு பொய் சொன்னேன். அவர் உயிரோடு இருக்கார்னு நினைச்சுத்தான் அந்த ஓட்டெடுப்பு நடந்தது."

இன்கிரிட் கணவரின் பக்கம் திரும்பினாள். "அவரா இருந்தாலும் இதைத்தான் செஞ்சிருப்பார்" என்றாள். "பொல்லாத கிழவன். ஆனா செஞ்சிட்டு ராத்திரியெல்லாம் தூங்காம என்கிட்ட வந்து சொல்லுவார். நான் மன்னிச்சதே கிடையாது." டெல்ஃபினைப் பார்த்து, "உன்னையும் இன்னைக்கு மன்னிக்க மாட்டேன்" என்றாள். அழத் தொடங்கினாள்.

டெல்ஃபின் நடைக்கூடத்துக்கு வந்து ஹாரியட் பாய்டைத் தொலைபேசியில் அழைத்தாள். விஷயத்தைச் சுற்றிவளைக்காமல் சொன்னாள்.

"உனக்குப் பைத்தியமா?" என்று மறுமுனையில் கத்தினாள் ஹாரியட். "ஜெயிச்சாச்சு! கவர்னர் கையெழுத்துக்குப் பேனா எடுத்தாச்சு! ரெண்டு மணி நேரம் வாயை மூடிட்டு இருந்தா என்ன?"

"முடியல ஹாரியட். சபையில எழுந்து சொல்லு. கஸ் ஒண்ணு இருபதுக்கு இறந்துட்டார், ஒண்ணு நாற்பதுக்கு எனக்குத் தெரியும், நான் மறைச்சேன்னு என் பேரைச் சொல்லியே சொல்லு. அவருக்காக எல்லாரும் நிக்கட்டும். அப்புறம் மறு ஓட்டெடுப்பு கேளு."

"ரெண்டு வருஷ வேலை. தெரியுமா?"

"என் வேலைதானே. தெரியும்."

"உன் தம்பி ஓட்டுப் போட்டுக் கொன்னுடுவான்."

"போடட்டும்" என்றாள் டெல்ஃபின். வெள்ளிக்கிழமை அந்தப் பெண் கிளினிக்குக்குப் போவாள். அதைத் தடுக்கத் தெரிந்தவள் தான்தான், தடுத்தும் விட்டாள், இப்போது தானே அவிழ்த்துவிடுகிறாள். தொலைபேசியை வைத்தாள்.

ரெமி கதவருகே நின்றுகொண்டிருந்தான். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

"வா" என்றாள். "மறு ஓட்டெடுப்பு. ஆறு மணிக்குள்ள. நீ வந்து எதுத்துப் போடு. நியாயம் அதுதான்."

"நான் போடமாட்டேன்க்கா. உக்காந்துதான் இருப்பேன்."

"ஜோடிதான் முறிஞ்சிட்டேல. கஸ் செத்துட்டாரு."

"சபைக்கு முறிஞ்சிட்டு. எனக்கு எப்படி முறியும்?" ரெமி அறைக்குள் பார்த்தான். "மத்தியானம் முழிச்சிருந்தாருன்னா, 'கஸ், தெரியாம சொல்லிட்டேன், என்னைய விட்டுரும்'னு கெஞ்சியிருப்பேன். எழுதிக் குடுத்துட்டும் மனசு கேக்காம, கெஞ்சத்தான் ஒரு மணிக்கு வந்தேன். அவரு முழிக்கல. இப்ப என்னைய விடுவிக்க ஆளில்ல. செத்தவருட்ட போயி யாருக்கா வாக்கத் திருப்பிக் கேப்பா?"



"அப்ப ரெண்டு மணிக்கு நான் சொல்லியிருந்தா?" என்றாள் டெல்ஃபின்.

"எல்லாரும் எந்திரிச்சு நின்னுருப்பாவ. கஸ்ஸுக்கு மரியாதை. அப்புறம் ஓட்டெடுப்பு. பதினேழுக்குப் பதினாறு. நீ இதே மாதிரி ஜெயிச்சிருப்ப." அவன் கண் நிறைந்திருந்தது. கோபம் இல்லை, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. "எனக்கு ஒரு போன் போட்டு, என்னல செய்யப்போறன்னு கேட்டிருக்கலாம்லா?"

கேட்டிருக்கலாம். அவளிடம் எப்போதும் பதில் இருக்கும். எந்தத் தலை எப்போது ஆடும் என்பது அவளுக்கு அத்துப்படி. தம்பியின் தலையைக்கூட அவள் எண்ணித்தான் வைத்திருந்தாள், கேட்டு வைத்திருக்கவில்லை.

"அப்ப நான் மறைச்சது..."

"ஒண்ணுத்துக்கும் இல்லக்கா."

மணி நான்கு இருபத்தைந்து. இப்போது பதினேழும் பதினேழாக நிற்குமா என்று தெரியாது. பொய் சொன்னவளோடு சேர்ந்து ஓட்டுப் போட எத்தனை பேர் கூசுவார்களோ. ஒருவர் கூசினாலே போதும், மசோதா விழும். அவள் பெயர்களை ஒவ்வொன்றாக மனதுக்குள் ஓட்டிப் பார்க்கத் தொடங்கி, மூன்றாவது பெயரோடு நிறுத்திக்கொண்டாள்.

கைப்பையைத் தோளில் மாட்டினாள். "வண்டிய எடு" என்றாள் தம்பியிடம். "ஹாரியட் எதுக்கு என் பேரச் சொல்லணும்? நானே வந்து சொல்லுதேன்."